உங்களுக்குத் தெரியுமா? கிட்னி மாற்றினால் செலவு கூடுமா, குறையுமா?

★ கிட்னி கெட்டவருக்கு வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ் என்றால் ஆண்டுக்கு 156 முறை. ஒரு தடவைக்கு 4 மணி நேரம் வீதம் 624 மணி நேரம். அதாவது முழுசாக 26 நாள் படுக்கை. அரசு மருத்துவமனையில் முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் இதற்குக் காசு கேட்பதில்லை. ஆனால் கிள்ளையிலிருந்தோ காட்டுமன்னார்கோயிலிலிருந்தோ சிதம்பரத்துக்குப் புறப்பட்டு வருகிறவருக்கும், துணைக்கு வருகிறவருக்கும் பஸ் காசு? அன்றைய கூலி? அது எந்த பில்லிலும் ஏறாது.

★ உறுப்பு மாற்றுகளில் பணத்தையும் மிச்சம் பிடிப்பது சிறுநீரகம்தான். முதல் வருஷம் ஆபரேஷனால் செலவு எகிறும். பிறகு மாத்திரைச் செலவு, டயாலிசிஸ் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. கல்லீரலுக்கு இந்தக் கணக்கு ஓடாது. வருஷக்கணக்கில் அதன் வேலையைப் பார்க்கும் மெஷின் கிடையாது.

★ மாத்திரையை நிறுத்தினால் வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடும். அமெரிக்க அரசு ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்துவிட்டு, பலருக்கு 36 மாதத்தோடு மாத்திரை உதவியை நிறுத்தி வந்தது. கிட்னி கெட்டு அவர்கள் திரும்ப டயாலிசிஸுக்கு வந்தால், அந்தப் பெரிய செலவும் அரசு தலையில்தான்! 2023 ஜனவரியில்தான் அந்த விதியை மாற்றினார்கள். கஞ்சத்தனம் பண்ணி நஷ்டப்பட்ட கதை.

★ அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸ், ஜப்பானின் சுகுபா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து வந்தது.

★ இந்தியாவில் சிறுநீரக மாற்று முதலில் வெற்றி பெற்றது 1971இல், வேலூர் சி.எம்.சி.யில். 1998இல் டெல்லியில் கல்லீரல் மாற்றி முதன்முதலில் பிழைத்தது காஞ்சிபுரத்துக் குழந்தை. கொடுத்தவர் அப்பா.

★ மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பத்தார் உறுப்பு கொடுக்கச் சம்மதித்தால், உறுப்பை எடுக்கிற செலவை அவர்களிடம் வாங்கக் கூடாது. உறுப்பைக் காசுக்கு வாங்கினாலோ விற்றாலோ 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. அபராதம் 20 லட்சத்திலிருந்து 1 கோடி வரை.

★ சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியானது. கிட்னி மாற்று ஆபரேஷனுக்குக் கடலூர்க்காரர்களுக்குப் பக்கம், புதுச்சேரி ஜிப்மர்.

★ முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. உறுப்பு மாற்றுக்குத் தனி நிதியிலிருந்து அதற்கு மேலும் தருகிறார்கள். ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்றையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு, நோய் வருமுன்பே கலெக்டர் ஆபீஸ் போய் அட்டையை வாங்கி வையுங்கள்.