உள்ளே வாருங்கள், ‘சந்தேஷ்’ தயாராகிறது!

சத்தம் போடாமல் வாருங்கள். போட்டாலும் பரவாயில்லை, இந்த இரைச்சலில் யார் காதிலும் விழாது! கல்கத்தா, கார்ப்பார் ரோடு, 100-ம் நம்பர் வீடு. முன்பக்கம் ‘யு. ராய் அண்ட் சன்ஸ்’ அச்சகம், பின்பக்கம் குடித்தனம். வங்காளத்துப் பள்ளிப் பிள்ளைகள் மாதாமாதம் எதிர்பார்த்துக் கிடக்கும் ‘சந்தேஷ்’ பத்திரிகை இங்கேதான் அச்சாகிறது. தேதி மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்கு நமக்கு அறைக்கு ஒரு வருஷம்!

மாடியேறினால் டர்பன்டைன் வாடை மூக்கைத் துளைக்கிறது. அச்சுக் கோப்பவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் ஈய எழுத்துகளைப் பொறுக்குகிறார்கள். எட்டிப்பார்த்தால் ஒரு விசித்திரச் சொல். எந்த அகராதியிலும் கிடையாது. வாத்தையும் முள்ளம்பன்றியையும் ஒட்டவைத்து, பிள்ளைகளுக்குப் பாட்டெழுதும் சுகுமார் ராய் உண்டாக்கிய பிராணியின் பெயராம். புரூஃப் பார்க்கிறவர் பாட்டை நினைத்துப் பாருங்கள். எது அச்சுப்பிழை, எது ஆசிரியரின் குறும்பு?

அடுத்த கதவு, படங்களை அச்சிடத் தகடு செய்யும் பிளாக் அறை. அடேயப்பா, எவ்வளவு பெரிய கேமரா! ஒரு மனத்தாங்கலில் தொடங்கியதுதான் இவ்வளவும். சுகுமாரின் அப்பா உபேந்திரகிஷோர், பிள்ளைகளுக்காக எழுதிய ராமாயணத்துக்கு ஆசை ஆசையாகப் படம் வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டதும் படங்கள் அலங்கோலமாகிவிட்டன. விடுவாரா? சீமையிலிருந்து கருவிகளை வரவழைத்து, தானே ஹாஃப்டோன் பிளாக் செய்யக் கற்று, 1895-ல் தொழிலையே தொடங்கிவிட்டார். அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரைகளை இங்கிலாந்தின் ‘பென்ரோஸ்’ ஆண்டு மலரே வெளியிட்டது. 1913-ல் ‘சந்தேஷ்’ பிறந்தது. கதை, படம், பிளாக், அச்சு எல்லாம் வீட்டுச் சமையல்!

கூடத்தில் என்ன கும்மாளம்? சுகுமாரின் ‘மண்டே கிளப்’ கூடியிருக்கிறது. புள்ளியியலில் பின்னாளில் பேர்போன மகலனோபிஸும், மொழியறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜியும் இதில் உறுப்பினர்கள். கனமான விஷயங்களைப் பேசத்தான் கூட்டம், ஆனால் பலகாரத்துக்கும் குறைவில்லை. கூட்ட அழைப்பையே கிண்டல் பாட்டாக எழுதி அனுப்புகிறவர் சுகுமார்.

இந்த அறைக்குள் மெதுவாக வாருங்கள். 1923. காலா அசார் காய்ச்சலில் இரண்டரை வருஷமாக வாடும் சுகுமார், படுக்கையில் இருந்தபடியே ‘ஆபோல் தாபோல்’ புத்தகத்தின் பக்கங்களை அமைக்கிறார். பாட்டு எங்கே, படம் எங்கே என்று அவரே பார்த்துப் பார்த்து வைக்கிறார். செப்டம்பர் 10-ல் இறந்துபோனார், வயது 35. புத்தகம் வந்தது ஒன்பது நாள் கழித்து. ஒரு தலைமுறையையே சிரிக்கவைத்த பக்கங்கள் இந்தக் கட்டிலில் உருவானவை.

புறப்படுமுன் பிளாக் அறையை இன்னொரு தரம் பார்த்துவிடுவோம். ஒரு பொடியன் கிறுக்கிய தாளோடு வந்து நிற்கிறான். “இது சந்தேஷுக்கு!” கேமராக்காரர் பவ்யமாகத் தலையாட்டி, தாளை கேமராவுக்கு அடியில் வைத்து, பையனைத் தூக்கிக் கண்ணாடித் திரையில் படம் தலைகீழாக விழுவதைக் காட்டுகிறார். பையன் யார் தெரிகிறதா? சுகுமாரின் ஒரே பிள்ளை, சத்யஜித் ராய்! நின்றுபோயிருந்த ‘சந்தேஷை’ 1961-ல் கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து மறுபடி தொடங்கியவர் அவர்தான். ஆசிரியரும் அவரே, ஓவியரும் அவரே. இனி அவர் படத்தை வேண்டாமென்று சொல்ல யாரால் முடியும்!