இரும்பு சிவக்கும் அளவு

1972இல் ரிச்சர்ட் சாக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர், கையால் சைக்கிள் ஃபிரேம் செய்யும் தொழிலைக் கற்க லண்டனுக்குப் போனார். டெப்ட்ஃபோர்டு பகுதியிலிருந்த விட்காம் பட்டறை அவரைச் சேர்த்துக்கொண்டது. பீட்டர் வைகிள், பென் செரோட்டா ஆகிய அமெரிக்கர்களும் அதே காலகட்டத்தில் அங்கே தொழில் பழகியவர்கள்தான்.

குழாய்களைச் சேர்த்து ஒட்டும் வேலைக்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா? குழாயைக் கையில் எடுத்தால் காரணம் புரியும். பர்மிங்ஹாமின் ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்ற குழாய், முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். 1935இல் அவருடைய நிறுவனம் மாங்கனீசும் மாலிப்டினமும் கலந்த '531' எஃகைக் கொண்டுவந்தது. அந்தக் குழாயின் சுவர் நடுவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சூடு மிஞ்சினால் எஃகின் உள்ளிருக்கும் படிகத் துகள்கள் பெருத்து, வலு குறைந்துவிடும்.

ஆகவே எஃகை உருக்காமலே ஒட்டுகிறார்கள். 'லக்' என்னும் உறைக்குள் குழாயைச் செருகி, இடையில் பித்தளையை அல்லது வெள்ளிக் கலவையை ஓடவிடுவார்கள். எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும்; பித்தளைக்கு 900, வெள்ளிக் கலவைக்கு 700 டிகிரியே போதும். லக்குக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளி விட்டால், உருகிய உலோகத்தை அந்த இடுக்கே உள்ளிழுத்துக்கொள்ளும். இந்த நுண்புழை விசை புவியீர்ப்பையும் மீறி உலோகத்தை மேலேற்றும். ஒரு விளிம்பில் பித்தளைக் கம்பியை உருக்கி எதிர் விளிம்பில் தீயைக் காட்டினால், சூடான பக்கம் நோக்கி உலோகம் ஓடும். நான் வியப்பது இந்த ஓட்டத்தைத்தான்!

கைக்கு வர நாளாவது சூட்டைக் கணிக்கும் வித்தை. பட்டறையில் வெப்பமானி வைத்துப் பார்ப்பதில்லை. மூட்டில் பூசிய வெண்காரக் கலவை முதலில் பொங்கி, பிறகு கண்ணாடிபோல் தெளியும். எஃகு மங்கிய சிவப்பிலிருந்து செம்மஞ்சளுக்கு மாறும். (நம் பொற்கொல்லர்கள் பொடி வைத்து ஊதும்போதும் வெண்காரம்தான் துணை.) கனத்த லக் மெதுவாகச் சூடேறும், மெல்லிய குழாய் சட்டென்று சிவந்துவிடும். அதனால் தீயைப் பெரும்பாலும் லக்கின் மேலேயே வைத்திருக்கவேண்டும். எந்தச் சிவப்பில் தீயை விலக்குவது என்பதை, தேர்ந்தவர் பக்கத்தில் நின்று அவர் கை நகர்வதைப் பார்த்துத்தான் பிடிக்கமுடியும்.

பழகுபவர் ஒட்டிய மூட்டைச் சோதிக்க நேரான வழி, அதை ரம்பத்தால் அறுத்துவிடுவது. வெட்டுமுகத்தில் பித்தளைக் கோடு முழுவட்டமாக ஓடியிருந்தால் சரி. கோடு அறுந்த இடத்தில் சூடு போதவில்லை, அல்லது அழுக்கு தங்கியிருக்கிறது. அடுத்த மூட்டில் அந்தப் பக்கத்திலிருந்தே வேலையைத் தொடங்கச் சொல்வார்கள்.