ஓடும் நீரைப் படம் பிடித்தால்...

ஓடும் நீருக்குள் கருவி எதையும் வைக்காமல், அதன் வேகத்தை அளக்க முடியுமா? முடியும்!

நீரில் நுண்துகள்களைக் கலந்து, லேசர் ஒளி பாய்ச்சி, அடுத்தடுத்து இரண்டு படங்கள் எடுப்பார்கள். கணினி அவற்றைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் துகள்கள் எவ்வளவு நகர்ந்தன என்று ஒப்பிடும். நூறில் ஒரு வினாடியில் 2 மி.மீ. நகர்ந்தால், வேகம் வினாடிக்கு 20 செ.மீ.!

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில், பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்தவர் வில்லியம் தீலிக்கே. இவர் இதற்காக, 'பி.ஐ.வி.லேப்' என்ற மென்பொருளை உருவாக்கினார். பூட்டி வைக்காமல், அதன் நிரலையும் எல்லாருக்கும் இலவசமாகத் தந்தார். யாரும் படிக்கலாம்; தவறு கண்டால் திருத்தலாம்.

கணக்கில் விடையோடு வழிமுறையையும் எழுதச் சொல்கிறோமே, ஏன்? வழி தெரிந்தால்தானே, விடை சரியா என்று மற்றவர் சோதிக்க முடியும்! அறிவியலுக்கும் அதேதான்.