இல்லாத கை வலிக்குமா?

சூலக்கரையைச் சுற்றிலும், சிவகாசிப் பக்கத்திலும் வெடி விபத்தில் கையிழந்தோர் உண்டு. அவர்களுள் ஒருவர், "போன கையின் விரல்கள் வலிக்கின்றன" என்றால், நாம் சித்தப் பிரமை என்று எண்ணிவிடுகிறோம். அது பிரமையன்று. கை போனாலும், அதற்குரிய இடம் மூளையில் இருந்துகொண்டேயிருக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தார். கையிழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரல்களில் ஸ்பரிசம் தெரிந்ததாம்! மூளையில் முகத்திற்கும் கைக்கும் உரிய பகுதிகள் அண்டை வீடுகள். அதுவே காரணம் என்றார் அவர். பிறகு பெட்டியொன்றில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் போன கையின் இடத்தில் காணச் செய்தார். சிலருக்கு, இறுகியிருந்த முஷ்டி விரிந்தது போலாகி, வலி தணிந்தது.

ஆதலால், அத்தகையோர் வலியென்றால் நம்புவோம். தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம்.