மூட்டை கட்டும்போது மறவாதீர்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் திருவண்ணாமலைத் தெருக்களில் வீட்டுச் சாமான் ஏற்றிய லாரிகளை அடிக்கடி காணலாம். ஆசிரியருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல். வங்கி ஊழியருக்குப் பதவி உயர்வு. குடியிருந்த வீட்டை உரிமையாளர் திரும்பக் கேட்டுவிட்டார் என்று இன்னொரு குடும்பம். காரணம் எதுவாயினும், ஒரு குடும்பம் தன் வாழ்வு முழுவதையும் இரண்டு நாளில் மூட்டை கட்டியாக வேண்டும். அப்போது எதை முதலில் எடுப்பது? எதை விட்டுச் செல்வது? எளிய கேள்வியாகத் தோன்றும் இதில் நானே ஒருமுறை தவறினேன். அதனை ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

நாளும் முறையும்

இந்த ஊரில் வீடு மாறுவோர் முதலில் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. பௌர்ணமியன்று மலையைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடப்பார்கள். கார்த்திகைத் தீபத்தன்று பேருந்துகளே ஊருக்கு வெளியில் நின்றுவிடும். அந்நாட்களில் லாரி தெருவுக்குள் வருமென்று நம்புவது வீண். நம் சகோதர சமயத்தவரின் புனித நாளில் வழியை அடைப்பதும் முறையன்று. இரண்டு நாள் முன்போ பின்போ வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

அம்மி, ஆட்டுக்கல், தையல் இயந்திரம் முதலிய கனமானவை லாரியின் தரையில் இருக்கட்டும். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் நிரப்பாதீர்கள். தூக்குபவர் முதுகு ஒடிந்துபோகும். சிறு பெட்டிகளே நல்லவை. பாத்திரங்களை ஒன்றனுள் ஒன்றாக அடுக்கி, இடையே பழைய புடவையைச் சுருட்டி வைத்தால் நசுங்கா. கண்ணாடிப் படங்களைப் படுக்கவைக்காமல், மெத்தைகளுக்கு நடுவே நிறுத்திவையுங்கள். ஒவ்வொரு மூட்டைமீதும் எண்ணிட்டு, எந்த எண்ணில் எது உள்ளதென ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால், புதிய வீட்டில் முதல் இரவே தீப்பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பீடத்துக்கே முதலிடம்

லாரியில் ஏற்றாமல் நம் கையிலேயே கொண்டுசெல்ல வேண்டியவையும் உண்டு. பாடுபட்ட சுரூபம், திரு இருதயப் படம், செபமாலைகள், சேத்துப்பட்டு லூர்து மாதா திருத்தலத்தில் வாங்கிவந்த சிறு சுரூபம் ஆகியவை அவை.

இதனை நமக்குக் கற்பித்தவர்கள் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள். 1658-இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் டச்சுக்காரர் வசமாயின. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் துரத்தப்பட்டனர். 1670-இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் வன்னிக் காட்டுக்குள் ஓடினவென்பது அம்மக்கள் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. அவர்கள் எந்தப் பாத்திரத்தை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. தங்கள் ஆலயத்து மாதா சுரூபத்தைச் சுமந்து சென்றார்கள் என்பது மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அவர்கள் தங்கிய இடமே மருதமடுத் திருத்தலம். 2008-ஆம் ஆண்டு ஏப்ரலில் போர் நெருங்கியபோதும் குருக்கள் அச்சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோய்க் காத்தனர். ஆகஸ்டில் அது மடுவுக்குத் திரும்பியது.

உடைந்துபோன சுரூபங்களையும் உலர்ந்த குருத்தோலைகளையும் குப்பையில் எறியலாகாது. மந்திரிக்கப்பட்ட பொருள்களை மரியாதையோடு நடத்த வேண்டுமென்பது திருச்சபையின் சட்டம். சுரூபத்தை மண்ணில் புதைத்துவிடலாம். குருத்தோலையைப் பங்கு ஆலயத்தில் கொடுத்தால், திருநீற்றுப் புதனுக்குச் சாம்பலாகும்.

நான் செய்த தவறு

இனி என் கதை. நாங்கள் இவ்வூரைவிட்டுக் கிளம்பிய அந்த மே மாதத்தில், லாரிக்கு மாலை நான்கு மணி என்று நேரம் குறித்திருந்தது. காலையிலேயே பழைய பேப்பர்க்காரர் வந்தார். பரண்மீது கிடந்த காகிதக் கட்டுகளையெல்லாம் அவசர அவசரமாக எடை போட்டுக் கொடுத்தேன். அவற்றுக்குள் எங்கள் வீட்டுக் காகிதங்கள் இருந்த பழுப்பு உறை ஒன்றும் போயிற்று. அதை அப்போது நான் அறியவில்லை.

அடுத்து என் கண் அம்மாவின் தகரப் பெட்டிமீது விழுந்தது. மூடி துருவேறியிருந்தது, தாழ்ப்பாள் விழுந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. “இதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் அம்மா, லாரியில் இடமில்லை” என்றேன். அம்மா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியருகே சென்று உட்கார்ந்துகொண்டார். மதியச் சோற்றையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்.

அந்த மௌனம் என் மகளுக்குப் புரிந்தது, எனக்குப் புரியவில்லை. “பாட்டி, நானே மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்” என்று அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். அப்படித்தான் அப்பெட்டி புது ஊருக்கு வந்து சேர்ந்தது.

ஓராண்டு கழித்து அவளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. பங்குத் தந்தை திருமுழுக்குச் சான்று கேட்டார். வீட்டில் இல்லை. எந்தப் பங்கில் திருமுழுக்குப் பெற்றாள் என்று கேட்டார். என் மனைவிக்கும் எனக்கும் கருத்து ஒத்துவரவில்லை. அந்நாளில் நாங்கள் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தோம். இரண்டு பங்குகளுக்கு எழுதிக் கேட்டோம். அங்கே அவள் பெயர் இல்லை. ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறு நெருங்கிவிட்டது.

அப்போதுதான் அம்மா தம் பெட்டியைத் திறந்தார். பழைய செபப் புத்தகத்துக்குள் மடித்த தாள் ஒன்று இருந்தது. மறைந்த என் தந்தை தம் கையால் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயர், பிறந்த நாள், திருமுழுக்குப் பெற்ற நாள், ஆலயம், ஞானப் பெற்றோர் பெயர் ஆகியவற்றை வரிசையாக எழுதிவைத்திருந்தார். மறுநாளே அப்பங்குக்குச் சென்றேன். பதிவேட்டில் அவர் எழுதிய தேதியிலேயே என் மகளின் பெயர் இருந்தது.

திரும்பி வந்து அம்மாவின் முன் நின்றேன். “அப்பா எழுதினது, பத்திரமாக வைத்தேன்” என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நாம் பெயர்ந்தாலும் பதிவேடு பெயர்வதில்லை

பெற்றோர் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம். நாம் எத்தனை ஊர் மாறினாலும், திருமுழுக்குப் பதிவேடு திருமுழுக்குப் பெற்ற பங்கிலேயே இருக்கும். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, பின்னாளில் பெறும் உறுதிப்பூசுதல், திருமணம், குருத்துவம், துறவற வார்த்தைப்பாடு ஆகியவையும் அதே பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. ஆதலால் சான்றிதழ் தொலைந்தால் கவலை வேண்டாம்; மறுபடி பெறலாம். ஆனால் எந்தப் பங்கு, எந்த நாள் என்பது மறந்துபோனால் தேடுவது பெரும்பாடு. இன்றைக்கே ஒரு தாளில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள்.

புதிய ஊரில் நிலையாகத் தங்கும் எண்ணத்தோடு குடியேறும்போதே நாம் அப்பங்கின் மக்களாகிவிடுகிறோம். முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பங்குத் தந்தையைச் சந்தித்துக் குடும்ப விவரம் கொடுங்கள்; வீட்டை மந்திரிக்க அழையுங்கள்.

முதியோரைக் கேளாமல் தொடாதீர்

எகிப்தைவிட்டு இஸ்ராயேலர் புறப்பட்ட இரவை விவிலியம் கூறுகிறது. மாவு புளிக்கவும் நேரமில்லை. பிசைந்த மாவைத் துணியில் கட்டித் தோளில் சுமந்தார்கள். அத்தனை அவசரத்திலும் மோயீசன் ஒன்றை மறக்கவில்லை. முற்பிதாவாகிய சூசையின் எலும்புகளை உடன் எடுத்துக்கொண்டார். மூதாதையர் அவருக்கு ஆணையிட்டு உறுதி கூறியிருந்தனர். வீட்டுப் பெரியவரின் பெட்டியை நாம் தொடுமுன் இதனை நினைப்போம். எதை வைப்பது, எதை விடுவது என்று அவர்களே கூறட்டும்.

நமக்கு மிஞ்சிய நல்ல துணியும் பாத்திரமும் உண்டானால், துவைத்துத் துலக்கி, புனித வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் கொடுங்கள். 1983-க்குப் பின் மூட்டை கட்டவும் நேரமின்றிப் படகேறி வந்த ஈழத்துக் குடும்பங்கள் நம் மாவட்டத்து முகாம்களிலும் வாழ்கின்றன. கிழிந்ததையும் ஓட்டையானதையும் தருவது தருமம் ஆகாது.

புதிய வீட்டில் பால் காய்ச்சுமுன் பீடத்தை அமையுங்கள். மூட்டைகள் பிரிக்கப்படாமல் கிடந்தாலும், அன்றிரவு குடும்ப செபமாலை நடக்கட்டும். வீட்டின் மூத்தவர் அதனைத் தொடங்கட்டும். எங்கள் வீட்டில் இன்றும் அம்மாதான் தொடங்குகிறார். துருவேறிய அந்தப் பெட்டி பீடத்தின் கீழே இருக்கிறது.