முத்தெடைக் கணக்கும் சி மொழி முழுஎண்ணின் அளவும்

தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் அணிகலன்களின் எடையைக் கூறும்போது, அவை தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பெற்றமையையும் சேர்த்தே பதிகின்றன. பொன்னுக்கு ஆடவல்லான் என்னும் கல். சி மொழி நிரல்களில் இத்தகைய குறிப்பு பெரும்பாலும் இல்லை. ஒரு மாறியை ‘லாங்’ என அறிவிக்கும் நிரலர், அது எத்தனை பிட் கொண்டது எனச் சொல்வதில்லை. மொழியின் செந்தரமும் ‘இன்ட்’ குறைந்தது 16 பிட், ‘லாங்’ குறைந்தது 32 பிட் எனக் கீழெல்லையை மட்டுமே வகுக்கிறது.

இதன் விளைவைத் தூத்துக்குடிக் கரையின் முத்துக் கணக்கைக் கொண்டு காணலாம். 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றுபோன இக்கரையில், முத்துகளைத் துளையிட்ட பித்தளைச் சல்லடைகளால் அளவு பிரித்து, ஒவ்வொரு பிரிவின் எடையையும் எண்ணிக்கையையும் கண்டு மதிப்பிட்டனர். மதிப்பு எடைக்கு நேராக உயர்வதில்லை. எடையின் இருமடியை எண்ணிக்கையால் வகுப்பதே அக்கணக்கின் உயிர். ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி. பின்னங்களைத் தவிர்க்க மஞ்சாடியின் 320-இல் ஒரு பங்கான முந்திரியை அலகாகக் கொண்டால், 8 கழஞ்சு 51,200 முந்திரி ஆகும். அதன் இருமடி 262,14,40,000. குறியுடைய 32 பிட் முழுஎண் 214,74,83,647-க்கு மேல் ஏற்காது. பெரும்பாலான கணினிகளில் விடை −167,35,27,296 என வந்து நிற்கும். முத்துக்கு எதிர்க்குறி மதிப்பு! செந்தரமோ இவ்விடத்தில் எவ்விடைக்கும் உறுதி தருவதில்லை. எடையை ‘லாங்’ மாறியில் வைத்தால் 64 பிட் லினக்சில் விடை சரியாக வரும். அதே நிரல் 64 பிட் விண்டோசில் பிழைபடும். அங்கு ‘லாங்’ இன்றும் 32 பிட்டே. கல்லூரி ஆய்வகங்களில் நெடுங்காலம் பயின்ற டர்போ சி-யில் ‘இன்ட்’ 16 பிட். அதில் 6 கழஞ்சின் முந்திரித் தொகையே, அதாவது 38,400, அடங்காது.

எனவே, நிரலை இயக்காமலே படித்துப் பிழை காணும் ஆய்வி, தான் இயங்கும் கணினியின் அளவுகளை நம்பிவிடக் கூடாது. சிபிபிசெக் என்னும் கட்டற்ற ஆய்வியில் இலக்குத் தளத்தை ‘யூனிக்ஸ்64’, ‘வின்64’ எனக் குறிப்பிட இயலும். பட்டியலில் இல்லாத தளத்தின் அளவுகளைத் தனிக் கோப்பாகவும் தரலாம். எந்தக் கல்லால் நிறுப்பது என்பதை ஆய்விக்கு அறிவிப்பதே இது. ஒரே நிரலை இரு தளங்களுக்கும் தனித்தனியே சோதித்தால்தான் மேற்கண்ட வேறுபாடு புலப்படும்.

1999-ஆம் ஆண்டுச் செந்தரம் தந்த ‘இன்ட்64_டி’ போன்ற, அகலத்தைப் பெயரிலேயே கொண்ட வகைகள் நல்ல தீர்வு. ஆயினும் பெருக்கற்பலனை ஏற்கும் மாறியை மட்டும் அவ்வகையாக மாற்றுவது வீண். இரு ‘இன்ட்’ எண்களின் பெருக்கல் ‘இன்ட்’ அளவிலேயே முடிந்து, வழிந்த பின்னரே விடை பெரிய மாறிக்குள் செல்கிறது. பெருக்கப்படும் எண்ணையே முதலில் அகலப்படுத்த வேண்டும்.

கோப்பிலிருந்து படிக்கப்பெறும் எடையின் மேலெல்லையை ஆய்வி தானே அறியாது. அங்கு எல்லைச் சோதனையை நிரலரே எழுதியாக வேண்டும்.