கரண்டு வெச்சாச்சு... கத்தி வேணுமா?

“கட்டியை எடுத்துடலாம். ஆனா, கீழ்வழியை மூடிட்டு வயித்துல ஒரு பை வெச்சுடுவோம். ஆயுசு பூரா அது இருக்கும்.”

டாக்டர் இப்படிச் சொன்னதும், புற்றுநோய் என்ற அதிர்ச்சிகூடப் பின்னால் போய்விடும். பைதான் முன்னால் வந்து நிற்கும். பஸ்ஸில் போகலாமா? கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரலாமா? வாடை வருமா? “பை இல்லாம முடியாதா டாக்டர்?”

மலக்குடல் புற்றுநோய் பற்றித்தான் பேசுகிறோம். பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர் சமாசாரம் இது. கட்டி மேலே இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம். வாசலை ஒட்டி, சுருக்குத் தசைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால்? தைக்க இடம் இல்லை. அப்போதுதான் பை.

இந்த வைத்தியத்தில் ரொம்ப காலமாகக் கத்திதான் ஹீரோ. நம் ஊரில் ‘கரண்டு வைக்கிறது’ என்கிறார்களே, அந்தக் கதிர்வீச்சு வெறும் எடுபிடி. எடுபிடியும் லேசுப்பட்டவர் இல்லை என்று காட்டியது ஸ்வீடன். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு நேரே ஆபரேஷன். மீதிப் பேருக்கு ஐந்து நாள், தினம் 5 கிரே கதிர்வீச்சு, பிறகு ஆபரேஷன். (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் படி!) 1997-ல் ரிசல்ட் வந்தது. கதிர் வாங்காதவர்களில் 27 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் கட்டி திரும்ப வந்திருந்தது. வாங்கியவர்களில் 11 சதவீதம்தான்!

இன்னொரு முறையும் உண்டு. மொத்தம் 50.4 கிரே. அதை ஒரேயடியாகக் கொடுத்தால் பக்கத்தில் இருக்கும் நல்ல திசுவும் கருகிவிடும். அதனால் 28 தவணை, தவணைக்கு 1.8 கிரே. திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்தரை வாரம்.

ஏன் இப்படிச் சின்னச் சின்ன டோஸ்? கதிர் பட்டதும் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழை அறுகிறது. நல்ல செல், அடுத்த டோஸ் வருவதற்குள் முடிந்தவரை ஒட்டுப் போட்டுக்கொள்ளும். புற்றுநோய் செல்லுக்கு அந்தக் கைவேலை அவ்வளவாக வராது. கூடவே கீமோ மருந்து ஒன்றையும் கொடுத்தால் அது இன்னும் தடுமாறும். கடைசி டோஸ் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் கட்டி கரைந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில்தான் பிரேசில் நாட்டு சாவோ பாலோ நகரத்து டாக்டரம்மா ஒருவர் கதைக்குள் வருகிறார். ஏஞ்செலிட்டா ஹாபர்-காமா. அந்த ஊர்ப் பல்கலைக்கழக மருத்துவமனையில் சர்ஜரி பயிற்சிக்குச் சேர்ந்த முதல் பெண்மணி. பயிற்சி மருத்துவத்தில் மட்டும் இல்லை, பிடிவாதத்திலும்தான் போலிருக்கிறது!

அவருடைய குழு 265 பேருக்கு இப்படிக் கதிரும் கீமோவும் கொடுத்தது. எட்டு வாரம் கழித்துப் பரிசோதித்தது. கட்டி மிச்சம் இருப்பதாகத் தெரிந்தவர்களுக்கு ஆபரேஷன். அவர்களில் 22 பேரிடமிருந்து வெட்டியெடுத்த குடலை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தேடினால்... ஒரு புற்றுநோய் செல்கூட இல்லை! கதிர் ஏற்கெனவே வேலையை முடித்திருந்தது. ஆனால் அந்த 22 பேரில் 9 பேருக்கு ஆயுசு முழுக்கப் பை. இல்லாத கட்டிக்கு வெட்டு!

வேறு 71 பேருக்குப் பரிசோதனையிலேயே கட்டி இருந்த சுவடு இல்லை. “இவங்களை வெட்ட வேண்டாம். விடாம கண்காணிப்போம்” என்றார் டாக்டரம்மா. ஒரு சர்ஜனே கத்தியைக் கீழே வைப்பதாவது? தவில் வித்வான் “இன்னிக்கு வாசிக்காம இருக்கறதுதான் நல்லது” என்று சொன்ன மாதிரி! நோயாளியின் உயிரோடு விளையாடுகிறார் என்று சக டாக்டர்கள் பலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் நியாயம்தான். கண்ணுக்கு மறைந்த கட்டி அடியோடு அழிந்ததா, ஒளிந்திருக்கிறதா என்று யார் கண்டது?

2004-ல் கணக்கை வெளியிட்டார். 71 பேரில் 2 பேருக்குக் குடலுக்குள் கட்டி திரும்ப முளைத்தது. 3 பேருக்கு உடம்பின் வேறு இடத்தில் வந்தது. அதுவரை அந்த நோயால் இறந்தவர் ஒருவரும் இல்லை.

பிறகு பல நாட்டு டாக்டர்கள் கைகோத்து 880 பேரின் விவரத்தைச் சேர்த்து 2018-ல் வெளியிட்டார்கள். அதில் கொஞ்சம் கசப்பான செய்தி. நாலு பேரில் ஒருவருக்கு இரண்டு வருஷத்துக்குள் கட்டி திரும்ப வந்திருந்தது. ஆறுதல் என்னவென்றால், கிட்டத்தட்ட எல்லாமே குடல் சுவரில்தான். விரலுக்கும் டியூப் காமிராவுக்கும் எட்டும் இடத்தில். சீக்கிரம் பார்த்துவிட்டால் அப்போது ஆபரேஷன் செய்துகொள்ளலாம்.

ஆகவே, ‘காத்திருப்பது’ என்றால் சும்மா இருப்பது அல்ல. முதல் இரண்டு வருஷம் சில மாசத்துக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, காமிரா, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று டிமிக்கி கொடுப்பவருக்கு இந்த வழி சரிப்படாது. எல்லோருக்கும் கட்டி முழுசாகக் கரைவதும் இல்லை. கதிருக்கும் பக்கவிளைவு உண்டு. அடிக்கடி அவசரமாக டாய்லெட்டுக்கு ஓட வேண்டியிருக்கலாம். சிலருக்கு அது நீடிக்கவும் செய்யும். கர்ப்பப்பை, சினைப்பையும் பாதிக்கப்படும் என்பதால் இளம் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘கொஞ்சம் கதிர் உடம்புக்கு நல்லது’ என்று சொல்லி யாராவது கல், டாலர் என்று விற்க வந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள். சின்ன டோஸ் என்றாலும் 1.8 கிரே என்பது ஸ்கேன் பார்த்து, கணக்குப் போட்டு, கட்டியின் மேல் குறி வைத்துப் பாய்ச்சுவது. கழுத்தில் மாட்டிக்கொள்வது அல்ல!

இத்தனை வைத்தியமும் யாருக்குப் பயன்படும்? நேரத்தோடு வருகிறவருக்கு. மலத்தில் ரத்தம் பார்த்ததும் “சூடு... மூலம்தான்” என்று தானே முடிவு கட்டி, மாசக்கணக்கில் கருணைக்கிழங்கும் மோருமாக ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! மூலமாகவே இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டுமே! வாசலை ஒட்டிய கட்டி பெரும்பாலும் அவர் விரலுக்கே தட்டுப்பட்டுவிடும்.

கூச்சமாக இருக்கும்தான். ஆனால் கூச்சம் ஒரு நிமிஷம். பை ஆயுசுக்கும்!